மணிக்கட்டில் மின்னும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

வெள்ளறடையிலிருந்து காரக்கோணம் வழியாகப் பாறசாலைக்கு வரும் சாலையின் இருமருங்கும் ரப்பர் தோட்டங்கள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்களில் இளவயதினர் பலரின் மணிக்கட்டில் இப்போது இன்னொரு வெளிச்சமும் தெரிகிறது. ஸ்மார்ட் வாட்ச்சின் அடியிலிருந்து கசியும் பச்சை ஒளி அது. களியக்காவிளை, பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று எந்தச் சந்திப்பில் இறங்கினாலும் மொபைல் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் 2,000 ரூபாய்க்கும் குறைவான வாட்ச்சுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஐ.டி.சி. என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2023-இல் மட்டும் இந்தியச் சந்தைக்கு வந்த உடலில் அணியும் மின்னணுக் கருவிகள், காதில் செருகுபவற்றையும் சேர்த்து, 13.4 கோடி. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்பும் விலை கூடிய வாட்ச்சுகள் இந்தக் கணக்கில் வராது.

இந்த வாட்ச் இதயம் நிமிடத்துக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்றும் சொல்கிறது. அதைப் பார்த்து நடையைக் கூட்டுகிறவர்கள் உண்டு. ராத்திரி விழித்துப் பார்த்து, எண் கூடியிருக்கிறதே என்று விடியும்வரை தூங்காதவர்கள் உண்டு. எண் சரியாகத்தானே இருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. இத்தனை பேரை நடத்தும் ஓர் எண் எப்போது சரி, எப்போது தப்பு என்பதை நம் ஊர் உடலையும் நம் ஊர் உழைப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது.

நாடி பிடிப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கேரள எல்லைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டின் முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. வைத்தியர்களும் வர்ம ஆசான்களும் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று நாடியின் நடையைப் பார்க்கும் அந்த முறையில் நிமிடக் கணக்குக்குப் பெரிய இடமில்லை. துடிப்பைக் கருவியால் பதிவுசெய்யும் வழி இரண்டு கிளையாகப் பிரிந்து வளர்ந்தது. ஒன்று மின்சாரத்தின் வழி. நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன் 1900-களின் தொடக்கத்தில் உருவாக்கிய கருவிதான் இன்றைய ஈ.சி.ஜி.க்கு அடிப்படை, அதற்காக 1924-இல் நோபல் பரிசு பெற்றார். பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-இல் மார்பில் கட்டும் பட்டையை விளையாட்டு வீரர்களுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்ததும் இந்த வழியில்தான். இன்னொன்று ஒளியின் வழி. தோலுக்குள் ஒளியைச் செலுத்தி இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அறியலாம் என்று அமெரிக்காவின் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் 1930-களின் பிற்பகுதியில் காட்டினார். ஜப்பானின் தகுவோ அயோயாகி 1970-களில் அதை இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காணப் பயன்படுத்தினார். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அந்தப் பரம்பரை. வாட்ச்சும் அதே பரம்பரைதான்.

இந்த இரண்டு வழிக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. மார்புப் பட்டை, இதயம் சுருங்கும் கணத்தில் பிறக்கும் மின்னலையை நேரடியாகப் பிடிக்கிறது. வாட்ச்சோ அந்தத் துடிப்பு கைவரைக்கும் வந்து சேர்ந்த பிறகு, தோலுக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர் அளவு ஆழத்தில் ஓடும் நுண்குழாய்களில் இரத்தம் ஒரு துளி கூடிக் குறைவதைப் பார்க்கிறது. இரத்தத்தின் சிவப்பு நிறமி பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இரத்தம் கூடினால் திரும்பி வரும் ஒளி குறையும். இரத்தம் வடிந்தால் ஒளி கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணி, சில வினாடிகளுக்குச் சராசரி எடுத்து, திரையில் 78 என்று போடுகிறது. திரும்பி வரும் ஒளியில் துடிப்பினால் வரும் மாற்றம் மிகச் சிறிய பங்கு. கை அசைந்தால், தசைநார் இழுபட்டால், வாட்ச் வழுக்கினால், வெயில் இடையில் புகுந்தால் உண்டாகும் மாற்றம் அதைவிடப் பல மடங்கு பெரிது. கோயில் கொடை மேளத்துக்கு நடுவே நின்று சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக்கைக் கேட்பதற்கு ஒப்பான வேலை அது. சத்தத்தைக் கழித்துத் துடிப்பைப் பிரித்தெடுக்கும் கணக்கு வாட்ச்சுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் அந்தக் கணக்கை இரகசியமாக வைத்திருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு வாட்ச் கட்டினால் இரண்டு எண் வருவதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? மூன்றை எடுத்துக்கொள்கிறேன். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 60 பேருக்கு 7 கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். சைக்கிள் மிதிக்கையில் 6 கருவிகளில் இதயத் துடிப்பின் பிழை, இடைநிலை மதிப்பில், 5 சதவீதத்துக்குள் நின்றது. நடக்கையில்தான் பிழை அதிகம். இதே ஆய்வில் எரிந்த கலோரிக் கணக்கு எந்தக் கருவியிலும் சரியாக வரவில்லை; இருப்பதில் நல்ல கருவியே 27 சதவீதம் தப்பியது. ஆகவே வாட்ச் காட்டும் கலோரியைப் பார்த்துச் சாப்பாட்டைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் அதே 2017-இல் 50 பேரை டிரெட்மில் என்ற ஓட்டப் பட்டையிலும், சைக்கிளிலும், கையாலும் காலாலும் தள்ளி இயக்கும் எலிப்டிகல் என்ற பொறியிலும் ஏற்றி, ஈ.சி.ஜி.யோடு ஒப்பிட்டார்கள். மார்புப் பட்டை ஏறக்குறைய ஈ.சி.ஜி.க்குச் சமமாக நின்றது. ஒளியால் அளக்கும் கருவிகள் ஓட்டப் பட்டையில் பெரும்பாலும் தேறின. கையை முன்னும் பின்னும் தள்ளி இழுக்க வேண்டிய கட்டத்தில் ஒரு கருவிகூட ஏற்கத்தக்க அளவு பொருந்தவில்லை. எல்லை ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய முடிவு இதுதான் என்பது என் கணிப்பு.

2020-இல் டியூக் பல்கலைக்கழகம் 53 பேரிடம் செய்த ஆய்வில் விலை குறைந்த ஷாவ்மி கைப்பட்டையும் இடம்பெற்றது. ஓய்வில் இருக்கும்போது வரும் பிழையைவிட உடல் இயங்கும்போது வரும் பிழை சராசரியாக 30 சதவீதம் கூடுதல் என்று அதில் தெரிந்தது.

எவ்வளவு தப்பினால் தப்பு என்று சொல்லலாம்? அமெரிக்காவில் இதயத் துடிப்பு மானிகளுக்கான தரவிதி, 10 சதவீதம் அல்லது நிமிடத்துக்கு 5 துடிப்பு, இரண்டில் எது பெரிதோ அதுவரை ஏற்கிறது. அந்த அளவுகோலின்படி உண்மையான துடிப்பு 150 என்றால், 135 காட்டும் வாட்ச்சும் 165 காட்டும் வாட்ச்சும் தேறிவிடும்.

இனி நம் ஊர் வேலைக்கு வருவோம். பால் வெட்டுகிறவரின் கையை அருகிலிருந்து பாருங்கள். கத்தியின் பிடியை இறுக்கிப் பிடித்து, பட்டையில் மெல்லிய சீவலாக இழுத்துக்கொண்டே மரத்தைச் சுற்றி நகர்கிறார். மணிக்கட்டு மடங்கி நிமிர்கிறது. முன்கைத் தசைநார்கள் தோலுக்கடியில் கயிறுபோல எழும்பி அடங்குகின்றன. ஒட்டுப்பாலை உரித்து, சிரட்டையைத் திருத்தி வைத்து, அடுத்த மரத்துக்கு வேக நடை. ஒரு காலைக்கு 300 மரம் என்பது வழக்கமான கணக்கு. பிடியை இறுக்கும்போது மணிக்கட்டுக்கு வரும் இரத்த ஓட்டமே மாறுகிறது. வாட்ச்சின் அடியில் வியர்வையும் தெறித்த பாலும் காய்ந்து படலமாகப் படிகிறது. எலிப்டிகல் பொறியில் கை தள்ளியவர்களுக்கே பொருந்தாத கருவி, இந்தக் கையில் எப்படிப் பொருந்தும்?

பொழியூர்க் கடற்கரையில் கரைமடி இழுப்பவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. எல்லோரும் ஒரே தாளத்தில் கயிற்றை இழுக்கிறார்கள். இப்படிச் சீரான தாளத்தில் உடல் அசையும்போது வாட்ச் அந்தத் தாளத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொள்வது அறியப்பட்ட பிழை. ஓட்டக்காரர்களிடம் இது அடிக்கடி நேர்கிறது. நிமிடத்துக்கு 160 அடி வைத்து ஓடும் ஒருவருக்கு, அவருடைய இதயம் 135 துடித்தாலும், திரையில் 160 வந்து அப்படியே நிற்கும். சந்தோஷ் கோப்பைக் கால்பந்துக்கு ஆட்டக்காரர்களைக் கொடுத்த பொழியூரில் பந்து பயிலும் சிறுவர்கள், திடீர் ஓட்டமும் திடீர் நிறுத்தமுமாக ஆடுகிறவர்கள். வாட்ச் சராசரி எடுத்து முடிப்பதற்குள் ஓட்டம் முடிந்திருக்கும். அவர்களைப் பயிற்றுவிப்பவர்கள் துடிப்பை வைத்துப் பயிற்சியைத் திட்டமிட விரும்பினால், நான்கு பேருக்கு நான்கு வாட்ச் வாங்குவதைவிட ஒரு மார்புப் பட்டை வாங்கி மாற்றி மாற்றிக் கட்டுவது மேல்.

தோலின் நிறம் பற்றிய கேள்வியை மேலோட்டமாகக் கடந்துபோக முடியாது. நிறமி அதிகமுள்ள தோல் பச்சை ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும், இது இயற்பியல். வெயிலில் உழைக்கும் நம் மக்களின் தோல், மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலின் ஆறு வகையில் கடைசி மூன்றுக்குள் வரும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் கறுத்த தோலில் பிழை கூடியது. டியூக் ஆய்வில் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இப்படி வந்த 10 ஆய்வுகளை, மொத்தம் 469 பேரை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, 4 ஆய்வுகள் கறுத்த தோலில் துல்லியம் குறைவதாகச் சொன்னது தெரிந்தது. இதிலிருந்து வாட்ச் நமக்கு உதவாது என்றும் முடிவுகட்ட முடியாது. கவலையில்லை என்றும் சொல்ல முடியாது. 469 பேர் என்பது நம் ஒரு வார்டின் வாக்காளர் பட்டியலைவிடச் சிறியது. ஆக்சிமீட்டர் விஷயத்தில் உலகம் பெற்ற பாடம் கண்முன் இருக்கிறது. பல்லாண்டு மருத்துவமனைகளில் பயன்பட்ட பிறகு, 2020-இல்தான் மிச்சிகன் மருத்துவர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கருவி நல்ல அளவு காட்டிய நேரத்திலும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை வெள்ளை நோயாளிகளிடம் 3.6 சதவீத அளவீடுகளிலும், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீத அளவீடுகளிலும் காணப்பட்டது. ஒளியால் அளக்கும் எந்தக் கருவியையும் யார் தோலில் சோதித்தார்கள் என்று கேட்பது நம் உரிமை. முன்கையில் பச்சை குத்திய பாட்டிமார் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். பச்சையின் மை ஒளியை மறித்துவிடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். அவர்களுக்கு வாட்ச்சை மறு கையில் கட்டுங்கள்.

துடிப்பின் எண்ணிக்கையைவிட அதன் ஒழுங்கு முக்கியமாகும் நோய் ஒன்று உண்டு. இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். பக்கவாதத்துக்கு அது பெரிய காரணம். கேரளத்தில் 53 மருத்துவமனைகள் சேர்ந்து 2016, 2017-இல் இந்த நோயாளிகள் 3,421 பேரைப் பதிவுசெய்து தொடர்ந்து கவனித்தன. இந்த நோயில் சில துடிப்புகள் பலமில்லாமல் கைவரைக்கும் வந்து சேர்வதில்லை. இதயம் 120 துடிக்க, மணிக்கட்டில் 95 தான் தட்டுப்படும். விரலுக்கும் வாட்ச்சுக்கும் இது பொதுவான குறை. ஆனால் ஒழுங்கற்ற நாடியைக் கண்டு எச்சரிக்க வாட்ச்சைப் பழக்க முடியும் என்று அமெரிக்காவில் 4 லட்சத்து 19 ஆயிரம் பேரிடம் நடந்த ஆப்பிள் ஆய்வு 2019-இல் காட்டியது. அந்தத் திறன் விலை கூடிய சில வாட்ச்சுகளில் இருக்கிறது. 1,500 ரூபாய் வாட்ச்சின் பெட்டியில் இதயப் படம் அச்சிட்டிருப்பதால் அதற்கும் அந்தத் திறன் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. குஜராத்தின் ஆனந்த் மாவட்டக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு வேறு வழியைக் காட்டியது. அங்கே வாட்ச்சை ஒவ்வொருவர் கையிலும் கட்டவில்லை. கைபேசியோடு இணைந்த சிறு ஈ.சி.ஜி. கருவியைக் கிராமங்களுக்கே கொண்டுபோய் 40 வயது கடந்தவர்களைச் சோதித்தார்கள். 1.6 சதவீதம் பேரிடம் இந்த நோய் காணப்பட்டது.

மலிவு வாட்ச்சுகளைப் பற்றி இன்னொன்று. வாழைப்பழத்திலும் காகிதச் சுருளிலும் கட்டினால்கூடத் துடிப்பு காட்டும் வீடியோக்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பெயர்பெற்ற நிறுவனங்களின் வாட்ச்சுகளிலும் இது நடக்கும். ஒளியைத் திருப்பி அனுப்பும் எந்தப் பரப்பிலிருந்தும் வரும் சலசலப்பில் ஒரு தாளத்தைத் தேடி எண்ணாக்குவது அந்தக் கணக்கின் இயல்பு. ஆகவே அந்த வீடியோவை வைத்து எல்லாம் பித்தலாட்டம் என்று ஒதுக்குவது சரியல்ல. துடிப்பு கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு கோடு காட்டும் வாட்ச், எப்போதும் ஏதாவது ஓர் எண்ணைத் தரும் வாட்ச்சைவிட நேர்மையானது. கடையில் வாங்கும்போது கழற்றி மேசைமேல் வைத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும். இந்தியாவில் மருத்துவக் கருவிகள் அனைத்தும் 2020 ஏப்ரல் 1 முதல் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. ஆனால் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று பொடி எழுத்தில் அச்சிட்டு, ஆரோக்கியப் பொருள் என்று விற்றுவிட்டால் அந்தக் கண்டிப்பு அதன்மேல் விழுவதில்லை. விளம்பரம் ஒன்று சொல்ல, பெட்டியின் அடியில் வேறொன்று அச்சாவதை அரசு அனுமதிக்கக் கூடாது.

அப்படியானால் வாட்ச்சைக் கழற்றி வைத்துவிடலாமா? வேண்டாம். ஓய்வில், உறக்கத்தில் அது தரும் எண் பெரும்பாலும் நம்பத்தக்கது. அதிலும் ஒருவரின் எண்ணை அவருடைய சென்ற மாத எண்ணோடு ஒப்பிடும்போது அதன் பயன் கூடும். 2020-இல் வெளியான ஓர் ஆய்வு 92,457 பேரின் தரவைப் பார்த்தது. ஓய்வுத் துடிப்பின் சராசரி 65. ஆனால் ஆளுக்கு ஆள் 40-இலிருந்து 109 வரை விரிந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு 60, எனக்கு 82 என்று பதற்றப்படுவதில் பொருளில்லை. வழக்கமாக 68 காட்டும் உங்கள் ஓய்வுத் துடிப்பு ஒரு வாரமாக 80-ஐத் தாண்டி நின்றால் அது கவனிக்க வேண்டிய செய்தி. காய்ச்சல், இரத்தசோகை, தைராய்டு, மன அழுத்தம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். பிரஷருக்கு மெட்டோபிரலால், அடினோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களின் துடிப்பை மாத்திரையே கட்டுப்படுத்தி வைக்கும். 220-இலிருந்து வயதைக் கழித்து வாட்ச் போடும் உச்ச எண்ணும், வண்ண வண்ண மண்டலங்களும் அவர்களுக்குப் பொருந்தா.

வாட்ச்சைச் சோதிக்கப் பணம் செலவில்லாத வழி இருக்கிறது. ஐந்து நிமிடம் உட்காருங்கள். பெருவிரலின் நேர்கீழே, மணிக்கட்டில், மறு கையின் நடு மூன்று விரல்களை வையுங்கள். பெருவிரலை வைத்தால் அதன் துடிப்பே குழப்பும். 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். இடையிடையே தப்பித் தப்பித் தட்டினால் முழு நிமிடமும் எண்ணுங்கள். அதே நேரத்தில் வாட்ச் என்ன காட்டுகிறது என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பிறகு படியேறி இறங்கி, நின்றவுடன் 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கி, மறுபடி ஒப்பிடுங்கள். வாட்ச்சை எலும்பு முட்டுக்கு ஒரு விரல்கடை மேலே, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். அடிப்பாகத்தைத் துடைத்துக் கட்டுங்கள். வேலைக்கு நடுவில் எண் வேண்டுமென்றால், வேலையை நிறுத்தி, கையைத் தொங்கவிடாமல் அசையாமல் வைத்து, சில வினாடி பொறுத்துப் பாருங்கள்.

1956 நவம்பர் 1-இல் இரண்டு மாநிலங்களுக்கும் இடையே கோடு கிழித்தபோது விளவங்கோடு அந்தப்பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப்பக்கமும் போயின. இன்றைக்குக் களியக்காவிளைப் பக்கம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் வீட்டுக்கு வருகிறார். பாறசாலைப் பக்கம் ஆஷா ஊழியர் வந்து சைலி செயலியில் 30 வயது கடந்தவர்களின் விவரம் குறிக்கிறார். மேற்கையில் காற்றுப்பட்டை சுற்றிப் பார்க்கும் மின்னணு பிரஷர் கருவி நாடித் துடிப்பின் எண்ணையும் தரும். அதைக் குடும்ப ஆரோக்கிய மையத்தில் பார்க்கும்போது பக்கத்தில் வாட்ச்சையும் வைத்து ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளலாம். இதற்கு மேல் வேண்டியது முறையான சோதனை. நான் எடுத்துக்கொண்ட மூன்று ஆய்வுகளும் அமெரிக்கக் கூடங்களில் நடந்தவை. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. இந்தியாவிலேயே செய்த செயற்கை இதய வால்வை 1990-இல் நோயாளிக்குப் பொருத்திய நிறுவனம் அது. எல்லையிலேயே, காரக்கோணத்தில், 1922-இல் எவரெஸ்ட் பயணம் முடிந்து தென் திருவிதாங்கூருக்கு வந்து நெய்யூரில் பல்லாண்டு அறுவை மருத்துவம் செய்த சோமர்வெல்லின் பெயரால் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவர்கள் கைகோத்து, பால் வெட்டுகிறவர்கள், மடி இழுப்பவர்கள், சூளையில் செங்கல் சுமப்பவர்கள் ஆகியோருக்கு வேலை நேரத்தில் ஈ.சி.ஜி. பட்டையும் வாட்ச்சும் ஒன்றாகக் கட்டிச் சோதித்து, நம் சந்தையில் விற்கும் வாட்ச்சுகளில் எது தேறுகிறது என்று தமிழிலும் மலையாளத்திலும் வெளியிட வேண்டும்.

அதுவரை ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். மாரடைப்பை எந்த வாட்ச்சாலும் கண்டுபிடிக்க முடியாது. மாரடைப்பு வந்தவரின் துடிப்பு 80 என்றே இருக்கலாம். கேரளத்தின் 125 மருத்துவமனைகளில் இதய நோயாளிகள் 25,748 பேரைப் பதிவுசெய்த ஆய்வில், வலி தொடங்கி 6 மணி நேரம் கழித்து வந்தவர்கள் மருத்துவமனையில் இறக்கும் ஆபத்து இரு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுமுட்டல் இவற்றில் எது வந்தாலும் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கோட்டுக்கு இந்தப்பக்கமானாலும் அந்தப்பக்கமானாலும் எண் ஒன்றுதான்: உடனே 108-ஐ அழையுங்கள்.